நாக்குக்குத் தெரியாத மண்

என்னை "நாக்குக்காரி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த என் வசந்திக்கு,

பள்ளி ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். "நீங்கதான் டீச்சர் அவுங்களுக்கு ரொம்ப நெருக்கம், நீங்களே எழுதிடுங்க" என்று பெரிய டீச்சர் காகிதத்தையும் கையில் கொடுத்துவிட்டார். உன் பொறுமை, கரும்பலகையில் உன் கையெழுத்து, அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள் உன் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு திரிந்தது என்று நாலு வரி எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. உன்னைப் புகழ்ந்து எழுதுகிற யோக்கியதை இப்போது எனக்கு இல்லை. அதனால் மலருக்கு என்று உட்கார்ந்தவள் உனக்கே எழுதுகிறேன். போடுவதென்றால் இதையே போட்டுக்கொள்ளட்டும். நாலு பேர் படித்தால்தான் எனக்கும் உறைக்கும்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் இறால்களில் பெரும்பாலானவை செத்துப்போய்விட்டன. நான்தான் காரணம்.

படிக்கிறவர்கள் சமையலுக்கு வாங்குகிற இறால் என்று நினைத்துக்கொள்வார்கள். கோட்டுச்சேரியில் உன் வீட்டுக் கூடத்து மூலையில், ஜன்னல் வெயில் படாத இடத்தில் இருந்த கண்ணாடித் தொட்டியை அவர்கள் எங்கே பார்த்தார்கள். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், உடம்பு முழுக்கச் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பட்டை. நல்ல தண்ணீரில் வாழ்கிற ஜாதி. உன் தம்பி சிங்கப்பூரிலிருந்து வரும்போது துணிமணிக்கு நடுவே பையில் வைத்துக் கொண்டுவந்தவை. என் வீட்டுக்காரர் விசைப்படகில் பங்கு வைத்திருக்கிறவர். முதன்முதலாக உன் தொட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஏன் டீச்சர், எல்லாத்தையும் சேத்து அள்ளுனாலும் ஒரு வடைக்குக் காணாதே" என்றார். நீ எங்களைவிட அதிகமாகச் சிரித்தாய்.

அந்த இறால்களோடு ஒரு பொட்டலம் மண்ணும் வந்தது. கடுகைவிடச் சற்றுப் பெரிய கறுப்பு உருண்டைகள். அதைத் தொட்டியில் பரப்பி, அதன்மேல் மழைத்தண்ணீரை ஊற்றி, செடிகளை நட்டுவைத்தாய். நான் சும்மா இருப்பேனா. "வயக்காட்டுக்கு வாக்கப்பட்டவளுக்கு மண்ணு சிங்கப்பூருலேருந்து வருதா?" என்று கேட்டேன்.

"இது சும்மா மண்ணு இல்லடி. தண்ணிய ஒரு நெலையில நிறுத்தி வைக்கிற மண்ணு. இதுங்களுக்குக் கொஞ்சம் புளிப்புப் பக்கமா இருக்கணும் தண்ணி. அது அந்தண்டை இந்தண்டை போவாம இந்த மண்ணு புடிச்சுக்கும்."

"அப்ப ஒரு பொட்டலம் எங்க மாமியாரு வீட்டுக்கும் வாங்கியாரச் சொல்லு. அங்கயும் ஒண்ணும் ஒரு நெலையில நிக்க மாட்டேங்குது."

நீ சொன்னதில் பாதியைத்தான் கேட்டேன். மீதிப் பாதிக்கு வேடிக்கை பேசிக்கொண்டிருந்தேன். சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து, மருந்து ஒரு சொட்டு விட்டு, மஞ்சளாக மாறுகிறதா என்று நீ வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போதெல்லாம், "நாக்கு எதுக்கு இருக்குது" என்று கேட்பேன். அதிலிருந்துதான் நான் உனக்கு நாக்குக்காரி.

என் நாக்கின் மேல் எனக்கு அவ்வளவு திமிர் வந்ததற்கும் காரணம் இருந்தது. கருக்களாச்சேரியில் பிறந்தவளுக்கு உலகத்தில் இரண்டே தண்ணீர்தான். உப்புத்தண்ணி, நல்லதண்ணி. சுனாமிக்கு அப்புறம் எங்கள் ஊர் அடிபம்புகள் எல்லாம் உப்பாகிக் கிடந்தபோது, எந்தப் பம்பில் உப்பு குறைந்திருக்கிறது என்று பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். "டீச்சரக் கூப்புடுங்க, நாக்குல வச்சுப் பாத்து சொல்லட்டும்." ஒரு கை அள்ளி வாயில் விட்டுக்கொண்டு, ஆகும் ஆகாது என்று சொல்வேன். நான் ஆகும் என்று சொன்ன தண்ணீரில்தான் அடுத்த பானை உலை ஏறும். அந்தப் பெருமை தலைக்கு ஏறியதுதான், இறங்கவே இல்லை.

உன் பதினாறாம் நாள் காரியத்தன்று நான் பேசிய பேச்சு உனக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

வந்திருந்த சொந்தக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். உன் பெரிய நாத்தனார் தொட்டியைக் காட்டி, இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, யாரிடமாவது தள்ளிவிடலாம் என்று ஆரம்பித்தார். உன் வீட்டுக்காரர் ராஜேந்திரன் அண்ணன் தூணோரம் நின்றார். "இருக்கட்டும், நான் பாத்துக்குறேன்" என்றார். அவர் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை, நான் எழுந்துவிட்டேன்.

"அண்ணே, ஒங்களுக்குப் பயிரு தெரியும். உசுரு தெரியாது. நான் எடுத்துட்டுப் போறேன்."

அத்தனை பேர் முன்னால் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போது யோசித்தால் கேவலமாக இருக்கிறது. உன் ஆஸ்பத்திரி நாட்களில் அவர் வராந்தாவிலேயே நிற்பார். உள்ளே வந்தால் உன் கால்மாட்டில் ஒரு நிமிடம், பிறகு வராந்தா. ஒரு வார்த்தை பேசிப் பார்த்ததில்லை. கல்லு மனுஷன் என்று தீர்மானம் செய்து வைத்திருந்தேன். உனக்கு அவரைவிட நான்தான் சொந்தம் என்று எல்லோருக்கும் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன் என்பதுதான் நிஜம்.

அவர் என்ன சொன்னார் தெரியுமா? "எடுத்துட்டுப் போங்கம்மா." அவ்வளவுதான். நீ மொட்டைமாடியிலிருந்து குழாய் விட்டுப் பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீரைக் கேன் கேனாக அவரே மோந்து, வண்டியில் ஏற்றிக் கொடுத்தார். ஒரு கேன் மூடி சரியாக இல்லையென்று தன் துண்டைக் கிழித்துக் கட்டினார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், வண்டி குலுங்கிய குலுங்கலில் உன் கறுப்பு மண் கூழாகிப்போயிருந்தது. ஒன்றரை வருஷமாகத் தண்ணீரில் கிடந்த மண், உருண்டை எல்லாம் ஊறி இளகி இருந்திருக்கிறது. தொட்டியின் அடியில் சேறு. எனக்கு அதைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. வசந்தி இதுங்களைச் சேத்திலேயா வைத்திருந்தாள் என்று நினைத்தேன், அப்படியே வழித்து வாளியில் போட்டுக் கொல்லையில் தென்னங்கன்றுக்குக் கொட்டினேன்.

அதற்குப் பதிலாக எங்கள் கடற்கரை மணலை அள்ளிவந்தேன். அலை தொடாத மேட்டு மணல். எப்படிக் கழுவினேன் தெரியுமா? தண்ணீர் மாற்றி மாற்றி, கை மரத்துப்போகிற வரைக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு துளிகூட இல்லை என்று ஆனபிறகுதான் தொட்டியில் பரப்பினேன். வெள்ளை வெளேரென்று, இடையிடையே கிளிஞ்சல் பொடி மினுங்க, அதன்மேல் சிவப்புப் பட்டை இறால்கள் நடக்க, பார்க்கவே கண்கொள்ளவில்லை. உன்னைவிட நன்றாக வைத்திருக்கிறேன் என்றுகூட நினைத்தேன் வசந்தி. இதை எழுதும்போது காது சுடுகிறது.

ராஜேந்திரன் அண்ணன் அடுத்த சனிக்கிழமை வந்தார். மொபெட்டில் கத்தரிக்காய்ப் பை மாட்டிக்கொண்டு, வாசலிலேயே நின்று, "டவுனு வரைக்கும் வந்தேன்" என்றார். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டேன். தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்தார். புது மணலைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் பேசிக்கொண்டிருந்தேன், உன்னைப் பற்றி. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நீ பாட்டுப் பரீட்சைக்குப் பயந்து தொண்டை கட்டிவிட்டது என்று நடித்தது, தருமபுரத்தில் நாம் வாடகைக்கு இருந்த அறையில் ஸ்டவ் வெடிக்கும் என்று நீ வாசலில் நின்றுகொண்டே சமைக்கச் சொன்னது. அவர் டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டார். எழுந்து போகும்போது, "வர்றேம்மா" என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் டவுனில் ஏதோ வேலை இருந்தது.

மார்கழி பிறந்தபோது ஒன்றிரண்டு செத்து மிதந்தன. இடம் மாறினால் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துப் போட்டேன். பிறகு வாரத்துக்கு வாரம் குறைந்தது. சட்டை உரிக்கிற நேரத்தில் பாதி உரித்தும் உரிக்காமலும் சிக்கிச் செத்தன. மிச்சம் இருந்தவை மேயாமல் மூலையில் ஒடுங்கி நின்றன. நான் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். அருமையான நல்லதண்ணி. அப்புறம் ஏன் என்று எனக்குப் புரியவில்லை. புரியாததை யாரிடமும் கேட்கவும் இல்லை. கேட்டால், அவ்வளவு பெரிய பேச்சுப் பேசி எடுத்துவந்தாயே என்று ஒருத்தர் சொல்லிவிடுவாரே என்ற பயம்.

ஒரு சனிக்கிழமை அவர் உட்கார்ந்திருக்கும்போதே ஒன்று மணலில் மல்லாந்து கிடந்தது. காலையில் நான் கவனிக்கவில்லை. அவர் விரலை நீட்டிக் காட்டினார்.

"தங்கச்சி, அது..."

"சட்ட உரிச்சிருக்குண்ணே" என்றேன். நாக்கு அவ்வளவு சுலபமாகப் புரண்டது.

"அப்புடியா" என்றார். டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த வாரம் எல்லாம் செடிக்குள் ஒளிந்திருக்கிறது என்றேன். அதற்கடுத்த வாரம், குளிருக்கு மேலே வராது என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் "அப்புடியா" என்றார். வீட்டுக்காரர் அடுப்படியில் வந்து, "ஏன் அந்த மனுசங்கிட்ட இப்புடிப் புளுவுற?" என்று கேட்டார். நான் பாத்திரத்தைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு விஷயம் விளங்கியது அடுப்படி மேடையில்தான். தொட்டியிலிருந்து ஒரு கரண்டி மணல் எடுத்து, அழுக்கு ஏதும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தட்டில் கொட்டி வைத்திருந்தேன். பக்கத்தில் மீனுக்கு எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தேன். கை தவறி நாலு சொட்டு அந்த மணலில் விழுந்தது. மணல் நுரைத்தது. சின்னச் சின்னதாகக் குமிழி விட்டு, உஸ்ஸென்று சத்தம்கூடக் கேட்டது.

கிளிஞ்சல். கிளிஞ்சல் என்றால் சுண்ணாம்பு. எங்கள் பக்கத்தில் கிளிஞ்சலைச் சுட்டுத்தான் வெற்றிலைக்கும் சுவருக்கும் சுண்ணாம்பு எடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியாததா? வருஷா வருஷம் பிள்ளைகளுக்குக் கிளிஞ்சலைக் கையில் கொடுத்துப் பாடம் நடத்துகிறேன். மழைத்தண்ணீர் அந்தக் கிளிஞ்சலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, உன் இறால்களைச் சுண்ணாம்புத் தண்ணீரில் நிற்க வைத்திருந்தது. நாக்கு உப்பைத் தேடியது. உப்பு இல்லை என்றதும் நல்லதண்ணி என்று முடிவு கட்டிவிட்டது. மூன்றாவதாக ஒரு தண்ணீர் இருக்கும் என்று கடற்கரைக்காரிக்குத் தோன்றவே இல்லை.

உன் சொட்டு மருந்துக் குப்பியை அப்போதுதான் தேடி எடுத்தேன். மஞ்சள் வரவேண்டிய தண்ணீர் நீலமாக நின்றது. நான் கொல்லைக்கு ஓடினேன். தென்னங்கன்றின் அடியில் உட்கார்ந்து, கறுப்பாகத் தெரிந்ததையெல்லாம் சுரண்டினேன். மீன் கழுவின தண்ணீரும் சாம்பலும் சேர்ந்து, எது உன் மண் எது கொல்லை மண் என்று பிரிக்க முடியவில்லை. வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார். வேடிக்கை பேசுவார் என்று நினைத்தேன். "எந்திரி. கையக் கழுவு" என்று மட்டும் சொன்னார்.

மிச்சம் இருந்தவற்றை அன்றைக்கே ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றினேன். திடீரென்று தண்ணீர் மாறினால் அதுவும் ஆகாது என்று நீ சொன்னது ஞாபகம் இருந்ததால், மழைத்தண்ணீரைத் துணித்திரி வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஒரு கையின் விரல்களுக்குள் எண்ணிவிடலாம் வசந்தி, அவ்வளவுதான் இருந்தன.

சனிக்கிழமை வந்தது. நான் டீ போடவில்லை. அவர் உட்கார்ந்ததும் எதிரே தரையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சேறு என்று கொட்டியது, கடல் மணல், கிளிஞ்சல், எலுமிச்சை எல்லாம். கடைசியில், "அன்னிக்கி நீங்க கேட்டது சட்ட இல்லண்ணே. செத்ததுதான்" என்றேன்.

"தெரியும்மா" என்றார்.

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"உரிச்ச சட்ட கண்ணாடி மாரில்ல இருக்கும். அதுக்குக் கண்ணு கறுப்பா இருந்துச்சு. அவகூட உக்காந்து எத்தன நாளு பாத்துருக்கேன்."

"அப்பறம் ஏண்ணே கேக்கல?"

அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "கேட்டா ஒங்களுக்குச் சங்கடமாப் போவும். அப்பறம் நான் வந்தா நீங்க மூஞ்சி குடுத்துப் பேச மாட்டீங்க. எங்க வீட்டுல அவ பேரயே யாரும் எடுக்குறதில்லம்மா. நான் அழுதுடுவேன்னு. அக்கா வேற பொண்ணு பாக்கலாம்னு சொல்லுது. இங்க வந்தாத்தான் அவ பேரு காதுல விழுவுது. எறாலு செத்தா சாவட்டும்னு இருந்துட்டேன்."

டவுனில் அவருக்கு எந்த வேலையும் இருந்ததில்லை. கோட்டுச்சேரியிலிருந்து என் வீட்டுக்கு, கத்தரிக்காயைச் சாக்கு வைத்துக்கொண்டு, உன் பேரைக் கேட்க வந்திருக்கிறார். அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நான் பொய் சொல்லியிருக்கிறேன்.

வெட்கத்தோடு வெட்கமாக அதற்கும் மன்னிப்புக் கேட்டுவிடுவோம் என்று, "அன்னிக்கி பதினாறு அன்னிக்கி நான் பேசுனது தப்புண்ணே. உசுரு தெரியாதுன்னு சொன்னது" என்றேன். அவர் பரவாயில்லை என்று சொல்லியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

"அது உண்மதானம்மா. தெரிஞ்சிருந்தா அவ சோத்தக் கொறச்சப்பவே கண்டுருப்பேன்ல. நாலு மாசம் முன்னாடியே பாண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்ல. நெல்லுல நோவு வந்தா தாளு நெறத்தப் பாத்து சொல்லிடுவேன். பொண்டாட்டிக்கு வந்தது தெரியல. நீங்க சொன்னதத்தான் தெனைக்கும் நெனச்சுக்குவேன்."

வசந்தி, நான் ஒரு நிமிட வீம்புக்குச் சொன்ன வார்த்தையை அந்த மனிதர் மூன்று மாதமாக ராத்திரிச் சோறு மாதிரி தினமும் தின்றுகொண்டிருந்திருக்கிறார். இறால்கள் போனதற்குக்கூட ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வேன். இதற்கு என்ன சொல்லிக்கொள்வது?

மதியச் சாப்பாட்டு மணிக்கு உன் பக்கத்திலேயே உட்கார்ந்து தினமும் சாப்பிட்டவள் நான். நீ டப்பாவில் பாதியை வகுப்புப் பிள்ளைகளுக்கு எடுத்துவைப்பதைப் பார்த்து, உனக்கு இரக்க குணம் என்று நினைத்தவள். உன் வயிற்றில் இருந்த நோவை நீ எங்கள் இரண்டு பேரிடமும் மறைத்தாய். ஏன் அப்படிச் செய்தாய் என்று உன்மேல் கோபம்கூட வருகிறது. அதை அவரிடம் சொன்னேன். "எனக்கும் தெரியலண்ணே. பக்கத்துலயே இருந்தேன், எனக்கும் தெரியல." அவர் தலையாட்டினார். நம்பினாரா, என் மனசுக்காக ஆட்டினாரா, தெரியவில்லை.

தொட்டியையும் மிச்ச இறால்களையும் அவரே எடுத்துக்கொண்டு போகட்டும் என்று சொன்னேன். அப்படிக் கொடுத்துவிட்டால் என் பாரம் குறையும் என்று நினைத்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "இங்கயே இருக்கட்டும்மா. அங்க கொண்டுபோயிட்டா நான் எதப் பாக்க இங்க வர்றது?" என்றார்.

ஆக, மறுபடியும் மண் தேட வேண்டியதாயிற்று. இந்த முறை இரண்டு பேராகத் தேடினோம். ஆற்று மணல் போடலாமா என்று யோசித்தோம். அதை எலுமிச்சம்பழச் சாறு விட்டுப் பார்த்தேன், நுரைக்கவில்லை. கெடுதல் செய்யாது, ஆனால் தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிற சக்தியும் அதற்கு இல்லை. "நம்ம வயக்காட்டு மண்ணு எப்புடி? கறுப்பாத்தான் இருக்கும்" என்று அவர் கேட்டபோது எனக்குச் சரி என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. அவர் மனசு குளிரட்டும் என்று. சொல்லியிருந்தால் அது இன்னொரு பொய். "பூச்சிமருந்து அடிச்ச மண்ணுண்ணே, இதுங்களும் பூச்சி மாரிதான்" என்றேன். அவரும், "ஆமாமா, சரிதான்" என்றார். அவர் ஒன்று கேட்டு, நான் அப்போதே நேராகச் சொன்ன முதல் பதில் அதுவாகத்தான் இருக்கும்.

உன் தம்பியிடம் அந்த மண்ணின் பேரைக் கேட்டு, சென்னையில் வண்ணமீன் விற்கிற ஒரு கடைக்குப் போன் போட்டேன். நடந்ததை எல்லாம் கேட்ட கடைக்காரர், "கடல்கரையிலேருந்து பேசுறீங்களா மேடம்? அங்கேருந்து கூப்பிடுறவங்க எல்லாருமே மொதல்ல இததான் பண்ணியிருப்பாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே கறுப்பு உருண்டை மண் அவரிடம் இருந்தது. இரண்டு விஷயம் சொன்னார். மண்ணைக் கழுவக் கூடாது. போட்டவுடன் இறாலை விடவும் கூடாது, புது மண் முதலில் கொஞ்ச நாள் தண்ணீரில் நஞ்சு கக்கும், அது அடங்கும்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

கழுவக் கூடாது என்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். பஸ் பார்சலில் வந்த மூட்டையை அண்ணன் எடுத்துவந்து பிரித்தார். என் கை தானாக வாளிக்குப் போனது, இழுத்துக்கொண்டேன். மண்ணை அவர் கொட்டினார், நான் பரப்பினேன், என் வீட்டுக்காரர் பின்னால் நின்று, "மண்ணள்ளிப் போடுறதுக்கு இத்தன பேரா" என்றார். ரொம்ப நாளைக்கப்புறம் அண்ணன் பல் தெரியச் சிரித்தார்.

இப்போது தொட்டியில் கறுப்பு மண்ணும், தண்ணீரும், உன் செடிகளும் மட்டும் இருக்கின்றன. இறால்கள் இன்னும் பிளாஸ்டிக் தொட்டியில்தான். அவற்றில் ஒன்றுக்கு வயிற்றடியில் முட்டை மாதிரி ஏதோ தெரிகிறது, நிழலாகவும் இருக்கலாம். நான் யாரிடமும் சொல்லவில்லை. பிழைக்கும் என்று உனக்கு வாக்குக் கொடுக்கிற தைரியமும் எனக்கு இல்லை.

போன சனிக்கிழமை மழை. தை முடிந்து மாசியில் அப்படி ஒரு மழை. இன்றைக்கு வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். தொட்டியில் பார்க்க ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரியும். நனைந்துகொண்டே வந்தார், பையில்லாமல், சாக்குச் சொல்லாமல். துண்டு கொடுத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டு அதே நாற்காலியில், வெறும் மண்ணையும் தண்ணீரையும் பார்த்து உட்கார்ந்தார்.

"இன்னும் விடலையாம்மா?"

"இன்னும் கொஞ்ச நாளு ஆவும்ணே."

"ஆவட்டும்" என்றார். பிறகு, "வசந்தி பள்ளிக்கொடத்துல கோவப்படுவாளா?" என்று கேட்டார்.

அவர் வாயால் உன் பேர் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் சொல்லத் தொடங்கினேன்.

வசந்தி, உனக்குக் கொடுக்க என்னிடம் இருக்கிற வாக்கு இவ்வளவுதான். சனிக்கிழமை சாயங்காலங்களில் நான் எங்கேயும் போகமாட்டேன். அவர் கேட்டதற்கு உள்ளதைச் சொல்வேன், செத்தது செத்தது என்றும் பிழைத்தது பிழைத்தது என்றும். அன்றைக்கு நான் சொன்ன வார்த்தை அவரைவிட்டுப் போகிறவரைக்கும், எத்தனை வருஷமானாலும், எனக்கும் தெரியவில்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். இத்தனை காலம் அவரை அண்ணே என்று மரியாதைக்குத்தான் கூப்பிட்டேன். இனிமேல் அதை நிஜமாகக் கூப்பிடப் போகிறேன். அப்படிக் கூப்பிட்டால் உனக்கும் எனக்கும் முறை மாறிவிடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீ மறுக்கமாட்டாய் என்று நினைத்து, அந்த முறையிலேயே கையெழுத்துப் போடுகிறேன்.

உன் நாத்தனார்,
சுமதி
கருக்களாச்சேரி